படுகையில் "சவுடு" குவாரி வருகிறதாம்: கிராம சபையில் என்ன பேசலாம்?

கொள்ளிடக்கரையான் | ஆகஸ்ட் 8, இரவு 9.40

தஞ்சாவூர் மாவட்டம், கொள்ளிடத்துத் தென்கரை ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் சொந்தக்காரர்களோடு சண்டை வரும்.

ஆற்றுக்கும் பெரிய கரைக்கும் நடுவில் படுகையில் கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. வாழை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பதினோரு ஏக்கரை வெளியூர் ஆள் ஒருவர் பேசி முடித்திருக்கிறார். வாழைக்கு இல்லை, சவுடு மண் (மனைக்கட்டு நிரப்புகிற மண்) எடுக்க. பத்தடி எடுத்துக்கொண்டு நிலத்தை அப்படியே திருப்பித் தந்துவிடுவாராம். கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு தொகை, தெற்குத் தெருவுக்குத் தார் ரோடு என்று ஊருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார். பெரியவர்களில் பாதிப் பேர் தலையாட்டியாகிவிட்டது. 15-ஆம் தேதி கிராம சபை, அதில் பேச்சு வரும்.

போன வாரம் ஆடிப்பெருக்கு. எங்கள் படித்துறைக்கு மொத்தம் பதினேழு படி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கடைசி நாலைந்து படி மணலுக்குள் புதைந்து கிடக்கும், பதினேழு என்பதே எங்களுக்குத் தெரியாது. மேற்கே இரண்டு கிலோமீட்டரில் ஆற்றுக்குள் குவாரி ஓடியது. அப்புறம் பதினேழும் வெளியே வந்தது. அதற்கும் கீழே அஸ்திவாரக் கல் தெரிந்தது. இப்போது அதற்கும் கீழே ஆளுயரப் பள்ளம். முளைப்பாரி விட வந்த பெண்கள் இறங்குவதற்கு மூங்கில் ஏணி கட்டினோம். அத்தை ஒருவர், எண்பது வயது இருக்கும், ஏணியைப் பார்த்தார். மேல்படியிலேயே உட்கார்ந்துகொண்டு தாம்பாளத்தை என் கையில் கொடுத்து, "நீயே போய் விட்டுட்டு வாடா" என்றார்.

இதைச் சபையில் சொன்னால் உச்சுக் கொட்டுவார்கள், அவ்வளவுதான். "நீ வீடு கட்டினது எந்த மணல்ல?" என்று ஒருத்தர் கேட்டால் வாயை மூட வேண்டியதுதான். ஆற்று மணலில்தான் கட்டினேன். கணக்கோடு பேச வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டாரஸ்_டிரைவர் | ஆகஸ்ட் 8, இரவு 10.25

அண்ணே, லாரிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எல்லா இழையிலும் "மணல் கொள்ளை" என்று எழுதுகிறீர்கள். 2017-ல் மணலுக்கு ஆன்லைன் புக்கிங் வந்ததிலிருந்து யார்டில் வண்டியைப் போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். வண்டிக்கு டியூ, டயர், செக்போஸ்ட், கிளீனர் பேட்டா. எங்கள் சங்கத்திலேயே வண்டியை பைனான்ஸ்காரனிடம் விட்டவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். லாபம் பார்த்தவன் லாரிக்காரன் இல்லை.

இன்னொன்று. இது பட்டா நிலம். சொந்தக்காரர் விற்கிறார். ஊருக்கு அதில் என்ன?


வண்டிமாடு | ஆகஸ்ட் 8, இரவு 11.02

ஊருக்கு என்னவா? எங்கள் அப்பா மாட்டு வண்டியில் மணல் அடித்தவர். வண்டிக்கு அரை யூனிட்கூட ஏறாது. மண்வெட்டியால் அள்ளிப் போட்டு, கரை ஏறும்போது மாடு முட்டி போடும். ஒரு நாள் பிடித்தார்கள். வண்டியும் மாடும் ஸ்டேஷன் வாசலில். மூன்று நாள் அம்மா வைக்கோல் சுமந்து கொண்டுபோய்ப் போட்டார். மாடு திரும்பி வந்தது. வண்டி கேஸ் முடியட்டும் என்று அங்கேயே நின்று, ஆரக்கால் உளுத்து, சக்கரம் மண்ணில் புதைந்து, இப்போது விறகுக்குத்தான் ஆகும். அதே ரோட்டில் அதே ராத்திரியில் தார்ப்பாய் மூடி எத்தனை டாரஸ் லாரி போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.


பழைய_ஓவர்சியர் | ஆகஸ்ட் 9, காலை 6.15

தம்பி, நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கு கேட்டீர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் மணல் என்பது வெறும் மணல் இல்லை, தண்ணீர் வைக்கிற பாத்திரம். ஆற்று மணலில் மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சுமார் மூன்றில் ஒரு பங்கு. கிணற்றுக்கு வடிந்து வரக்கூடிய தண்ணீர், மணலின் மொத்தக் கன அளவில் கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக ஒவ்வொரு யூனிட் மணலோடும் கிட்டத்தட்ட 700 லிட்டர் தண்ணீர் தங்குகிற இடம் லாரியில் ஏறிப் போகிறது. 100 ஹெக்டேரில் 3 மீட்டர் ஆழம் அள்ளினால் 30 லட்சம் கன மீட்டர் மணல், 75 கோடி லிட்டர் தண்ணீருக்கான இடம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இது நிரம்பும், கோடையில் இரு கரைக்கும் ஊறிக் கொடுக்கும். ஒரு தடவைக் கணக்கு இல்லை, வருஷா வருஷம்.

இரண்டாவது விஷயத்தை யாரும் பேசுவதில்லை. வாய்க்கால் தலைப்பு, அதாவது ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடம். நம் பாட்டன்மார் தலைப்பு மதகின் அடித்தளத்தை அன்றைய ஆற்று மட்டத்தைப் பார்த்து வைத்தார்கள். ஆறு நாலடி தாழ்ந்தால் மதகு நாலடி உயரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடும், வாய்க்காலுக்குள் ஏறாது. விவசாயி "தண்ணி விடல" என்பார், அதிகாரி "விட்டாச்சு" என்பார். இரண்டும் உண்மைதான். நானே கோரைத்தட்டியும் மணல் மூட்டையும் போட்டு ஆற்றை மறித்துத் தலைப்பில் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன். அந்த மூட்டைக்கு மணலும் அதே பள்ளத்து ஓரத்தில் அள்ளியதுதான், சிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: போன மணல் திரும்பி வராது. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. குடகிலிருந்து உருண்டு வரும் மணல் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. கீழே சேருகிற பவானியிலும் அமராவதியிலும் அணை உண்டு. நாம் அள்ளுவது பெரும்பாலும் நம் முப்பாட்டன் காலத்து இருப்பு.


ஷார்ஜா_சோழன் | ஆகஸ்ட் 9, காலை 11.50

ஓவர்சியர் ஐயா, அருமையான விளக்கம். ஆனால் ஒரு சந்தேகம். பள்ளம் விழுந்தால் அதிலும் தண்ணீர் நிற்கத்தானே செய்யும்? மணலுக்குள் கால் பங்கு என்றால் பள்ளத்தில் முழுப் பங்கு நிற்குமே! கணக்குப்படி லாபம்தானே?

(வம்புக்குக் கேட்கவில்லை. திருவையாறு பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கியது எம்-சாண்ட், கல்லை அரைத்துச் செய்த மணல்.)


பழைய_ஓவர்சியர் | ஆகஸ்ட் 9, மாலை 5.30

நல்ல கேள்வி. நிற்கும், ஆனால் எங்கே நிற்கும்? பத்தடி தாழ்ந்த மட்டத்தில். உங்கள் கிணற்றுத் தண்ணீரும் அந்த மட்டத்தைத் தேடி இறங்கிவிடும். மேட்டில் இருந்த பானையை உடைத்துவிட்டுப் பள்ளத்தில் பெரிய அண்டா வைத்த கதை. அப்புறம் மணலுக்குள் இருந்தால் வெயில் தொடாது, பள்ளத்துத் தண்ணீர் சித்திரை வெயிலில் ஆவியாகிவிடும். மணல் வடிகட்டித் தந்த தண்ணீருக்கும் குட்டைத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் வேறு. கொள்ளிடத்து மணலுக்குள் போட்ட கிணறுகளிலிருந்துதான் ராமநாதபுரம் வரைக்கும் குடிநீர் போகிறது. சென்னைக்கு வரும் வீராணம் தண்ணீரும் கீழணையில் பிரிகிற நம் தண்ணீர்தான்.


டாரஸ்_டிரைவர் | ஆகஸ்ட் 9, இரவு 8.10

ஐயா, ஆற்று மணலுக்குச் சொல்லும் கணக்கைச் சவுடுக்குச் சொல்கிறீர்கள். சவுடு என்பது மனைக்கட்டு நிரப்புகிற மண். அதில் கட்டடம் கட்ட முடியாது.


பழைய_ஓவர்சியர் | ஆகஸ்ட் 9, இரவு 8.45

தம்பி, படுகையில் சவுடு எத்தனை அடி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? மேலே வண்டல் மூன்றடி, நாலடி. அதற்குக் கீழே? ஆறு முன்னொரு காலத்தில் ஓடிய தடம். பத்தடிக்கு ஏன் பேசுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-லேயே இதைப் பிடித்துவிட்டது. என்ன கனிமம் என்று ஆய்வகத்தில் சோதிக்காமல் "சவுடு" என்ற பெயரில் அனுமதி கொடுக்காதே என்றது. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளைக்குள்தான் வருகிறது. கொள்ளிடக்கரையான் தம்பி, சபையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சோதனை அறிக்கை எங்கே?

முடிந்தால் அதற்குமுன் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். பக்கத்து வாழைக் கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, போர் போடுகிறவர்கள் வைத்திருக்கும் கை ஆகர் (கையால் சுற்றி மண்ணைத் துளைக்கிற கருவி) ஒன்று வாங்கி இறக்குங்கள். அடிக்கு ஒரு பிடி மண் எடுத்துத் தனித்தனி பாட்டிலில் போட்டு, மேலே ஆழத்தை எழுதி ஒட்டுங்கள். பெரியவர்களுக்கு 75 கோடி லிட்டர் புரியாது. பாட்டில் புரியும்.


அக்கரைக்காரி | ஆகஸ்ட் 10, மதியம் 2.20

நான் உங்களுக்கு நேர் எதிர்க்கரை, அரியலூர் மாவட்டம். கணவர் ஊர் சுண்ணாம்புக்கல் பக்கம். "எடுத்துவிட்டு அப்படியே திருப்பித் தருவார்கள்" என்ற வாக்கு எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. மாமனார் நிலத்துக்குப் பக்கத்துச் சுரங்கம் தீர்ந்து வருஷக்கணக்காகிறது. பச்சைத் தண்ணீர் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், போட்டோ எடுக்க வருகிறார்கள். ஆடு உள்ளே விழுந்தால் எடுக்க முடியாது. லாரி போகிற ரோட்டு ஓர வீடுகளில் துணி உள்ளேதான் காயும். என் நாத்தனார் சோறு வடிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார். அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் போவதில்லை, காற்று வரட்டும் என்று திறந்து வைத்தால் போய்ச் சாத்துவார்.

தார் ரோடு போட்டுத் தருகிறேன் என்கிறவரிடம் கேளுங்கள்: ரோடு யாருக்கு? அவருடைய லாரிக்குத்தானே வேண்டும்.

பள்ளம் பற்றி இன்னொன்று. ஆற்றுக்குள் விட்ட பள்ளம் வெள்ளம் வந்து வடிந்ததும் மேலே மணல் மூடி, பார்வைக்குச் சமதளமாகத் தெரியும். கால் வைத்தால் உள்ளே போகும். எங்கள் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். இதற்குமேல் எழுத முடியவில்லை.


கடைமடை | ஆகஸ்ட் 10, இரவு 9.15

நான் கொள்ளிடம் கடலில் விழுகிற பக்கம், பழையாறுக்குக் கிட்டே. மேலே நீங்கள் என்ன செய்தாலும் கடைசியில் எங்கள் தலையில்தான் விடியும். ஆறு தாழ்ந்து, வரத்தும் குறைந்தால் கடல் எங்கே நிற்கும்? ஏறி வரும். ஓதத்தின்போது ஆற்றில் தண்ணீர் மேற்கே போவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு அடிபம்பில் இருபது வருஷத்துக்கு முன் காபி போட்டோம். இப்போது அதில் பருப்பு வேகாது. கட்டை விரல் கனத்துக்கு உப்பு படிந்த பானையை வைத்துக்கொண்டு கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. 2023 மார்ச் கடைசியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று நிலக்கரி வட்டாரங்களை ஏலத்தில் சேர்த்தார்கள். டெல்டாவே எழுந்து நின்றது. சட்டசபையில் எல்லாக் கட்சியும் ஒரே குரல். பத்து நாளில் எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் நெய்வேலி என்.எல்.சி. சுரங்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் வருகிற நெல்லில் பொக்லைன் இறங்கியதை டிவியில் பார்த்து ஊரே கொதித்தது. மீத்தேன், நெடுவாசல், கதிராமங்கலம் எல்லாவற்றுக்கும் நாம் தெருவில் உட்கார்ந்தோம். மணலுக்கு ஏன் உட்காரவில்லை?

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எல்லாம் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆற்று மணல் இல்லை. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களையும் சேர்க்கவில்லை. கொள்ளிடம் பிறக்கிற முக்கொம்பு திருச்சி மாவட்டம்தானே!


கொள்ளிடக்கரையான் | ஆகஸ்ட் 10, இரவு 10.05

ஏன் உட்காரவில்லை என்று கேட்டீர்கள். மீத்தேன் எடுக்க வந்தவன் வெளியூர்க்காரன். மணலில் நாமெல்லாரும் கூட்டு. 2003-ல் குவாரியை அரசே எடுத்துக்கொண்டது. லோடிங் கான்ட்ராக்ட் எங்கள் சித்தப்பா மகனுக்குக் கிடைத்தது. டீக்கடை போட்டவர் என் வகுப்புத் தோழன். கோயில் மதில் அந்தக் காசில் எழும்பியது, கல்வெட்டில் உபயம் என்று ஒரு பெயர் இருக்கிறது, தினம் அதைத் தாண்டித்தான் சாமி கும்பிடுகிறேன். வீட்டுக்கு வீடு மாதம் ஏதோ கவர் வந்ததாகவும் பேச்சு. எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அப்பா உயிரோடு இல்லை, கேட்க முடியாது.

குவாரி நின்ற பிறகு எல்லா வீட்டிலும் மேல்மோட்டாரைக் கழற்றிவிட்டு நீர்மூழ்கி இறக்கினோம். எனக்கு மட்டும் புது போருக்கும் மோட்டாருக்கும் ஒன்றே கால் லட்சம். கவர் வாங்கியவனும் அதே ஒன்றே கால் லட்சம் கொடுத்தான். கவரில் வந்தது ஒரு மோட்டார் ஒயருக்குக் காணாது.


ஷார்ஜா_சோழன் | ஆகஸ்ட் 11, காலை 7.40

எம்-சாண்ட் பக்கம் எல்லாரும் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது இல்லையா?


வண்டிமாடு | ஆகஸ்ட் 11, காலை 8.05

எம்-சாண்ட் வானத்திலிருந்து விழுகிறதா அண்ணே? புதுக்கோட்டைப் பக்கம், கரூர்ப் பக்கம் மலையை உடைத்து அரைக்கிறார்கள். என் மனைவி ஊரில் வெடி வைக்கும்போது அலமாரியில் டம்ளர் ஆடும். நம் ஊர் ஆற்றுக்குப் பதில் அவர்கள் ஊர்ச் சுவர் விரிகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. தீர்ந்தது என்று சொல்லாதீர்கள்.


முக்கொம்பு_மீன் | ஆகஸ்ட் 11, மதியம் 1.30

இந்த இழையில் முக்கொம்பு உடைந்ததை ஏன் யாரும் சொல்லவில்லை? 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகு போனது. அதே மாதம் திருச்சியில் பழைய கொள்ளிடப் பாலமும் தூணோடு சாய்ந்தது. மணல் அள்ளியதால்தான்!


பழைய_ஓவர்சியர் | ஆகஸ்ட் 11, மாலை 6.00

பாலம் 1928-ல் திறந்தது. இரண்டுக்குமே வயதாகிவிட்டது என்றது அரசுத் தரப்பு, மணல்தான் காரணம் என்றார்கள் விவசாயிகள். நான் இரண்டையும் சேர்த்தே பார்ப்பேன். வயதானவர் காலுக்கு அடியில் குழி பறித்துவிட்டு, விழுந்ததும் வயது காரணம் என்றால் எப்படி? ஆனால் தம்பி, கிராம சபையில் இதை எடுக்க வேண்டாம். எதிராளி இதிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிவிடுவார். சோதனை அறிக்கை எங்கே, அதில் மட்டும் நில்லுங்கள்.


டாரஸ்_டிரைவர் | ஆகஸ்ட் 11, இரவு 9.50

முழுவதும் படித்தேன். பாட்டில் யோசனை சரியானது. பத்தடி கேட்கிறவனுக்கு மேல் நாலடி தேவையே இல்லை, அதைக் கரையோரம் கொட்டிவிட்டுக் கீழே இறங்குவான். பர்மிட் சவுடுக்கு, லோடு வேறு. நான் ஓட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மேலே சவுடை ஒரு தட்டு பரப்பி, உள்ளே மணல். 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை குவாரிகளில் இறங்கி, திருச்சி, தஞ்சாவூர், கரூர், அரியலூர், வேலூர் என்று ஐந்து கலெக்டர்களுக்குச் சம்மன் போன பிறகு ஆற்றுக்குள் இறங்கப் பயப்படுகிறார்கள். அதனால்தான் பட்டா நிலத்துக்கு இவ்வளவு கிராக்கி.

எனக்கும் வண்டிக்கு லோடு வேண்டும். ஆனால் என் பெண்ணைக் கொடுத்த ஊரும் கொள்ளிடக்கரைதான்.


நிர்வாகி | ஆகஸ்ட் 12, காலை 9.00

இரண்டு பதிவுகளில் ஆட்களின் பெயரும் வண்டி எண்ணும் இருந்ததால் நீக்கியிருக்கிறோம். இழை தொடரட்டும்.


கொள்ளிடக்கரையான் | ஆகஸ்ட் 16, இரவு 8.30

கிராம சபை முடிந்தது. நேற்றே எழுதியிருப்பேன், தொண்டை கட்டிக்கொண்டது.

ஓவர்சியர் ஐயா சொன்னபடி 13-ஆம் தேதி ஆகர் இறக்கினோம். வாழைக் கொல்லைக்காரர் முதலில் தயங்கினார், அப்புறம் அவரே பிடித்துச் சுற்றினார். முதல் மூன்றடி கறுப்பு வண்டல், கையில் ஒட்டுகிறது. நாலாவது அடியில் மஞ்சள் கலந்து பொடிந்தது. ஐந்தாவது அடியில் ஆகர் சட்டென்று இளகி இறங்கியது, சத்தமே மாறிவிட்டது. வெளியே வந்தது வெள்ளை மணல், மைக்கா மினுமினுப்போடு. ஆறாவது அடியும் அதே. அதற்குமேல் மணல் நிற்காமல் சரிந்தது, விட்டுவிட்டோம். மொத்தம் ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில்.

சபையில் மேசைமேல் வரிசையாக வைத்தேன். தலைவர் பேச ஆரம்பிக்குமுன்பே நாலு பேர் எழுந்து வந்து கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாவது பாட்டிலை ஒரு பாட்டி உள்ளங்கையில் கொட்டி, "இது நம்ம ஆத்து மணலாச்சே!" என்றார். குத்தகைக்காரர் தரப்பில் வந்தவர், "மேடம், இது கலப்பட மண்ணு" என்று ஆரம்பித்தார். பாட்டியை யாரும் அதுவரை மேடம் என்று கூப்பிட்டதில்லை, கூட்டம் சிரித்துவிட்டது. சோதனை அறிக்கையைக் கேட்டேன். அடுத்த வாரம் தருகிறோம் என்றார்கள்.

நான் எதிர்பார்த்த கேள்வியும் வந்தது: "நீ கட்டினது எந்த மணல்?" ஆற்று மணல், எழுபது யூனிட் என்றேன். பில்டிங் காண்ட்ராக்டர் சொன்ன கணக்கு அது, இரண்டு மூன்று கூடவோ குறையவோ இருக்கும். கேட்டவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

சண்டை இல்லாமல் இல்லை. கோயில் கமிட்டியில் இருக்கும் பெரியப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கும்பாபிஷேகம் தள்ளிப் போனால் என் பெயர்தான். நிலத்துக்காரர் சென்னையிலிருந்து போன் செய்து, "வாழையில என்னடா வருது, நீ குடுக்கிறியா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கஜா புயலிலிருந்து அவருடைய வாழைக் கணக்கு எனக்கும் தெரியும்.

சோதனை அறிக்கையும் நீர்மட்ட அளவும் இல்லாமல் அனுமதி கூடாது என்று தீர்மானம் எழுதியாகிவிட்டது. தீர்மானத்தை வைத்து மட்டும் குவாரியைத் தடுக்க முடியாது, தெரியும். அனுமதி கலெக்டர் கையில்.


அக்கரைக்காரி | ஆகஸ்ட் 16, இரவு 9.05

தீர்மான நகலில் செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பதிவேட்டில் இருந்த வாசகம் வேறு, நாங்கள் கேட்டது வேறு.


கொள்ளிடக்கரையான் | ஆகஸ்ட் 16, இரவு 9.20

வாங்கிவிட்டேன் அக்கா, போட்டோவும் எடுத்தாயிற்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு நகலையும் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு எட்டுப் பேர் போகிறோம். அம்மா இப்போதே சொல்லிவிட்டார், ஆறு பாட்டிலும் மூடியோடு வீட்டுக்குத் திரும்பி வர வேண்டுமாம்.